நிச்சயதார்த்தத்தில் பீப் அடித்த நெஞ்சு

எங்கள் ராஜபாளையத்தில் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று எது வந்தாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மனசு சரியில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. அதற்கு 'கேஸ் டிரபிள்' என்றுதான் பெயர். நானும் ஒரு வருஷம் கேஸ் டிரபிளோடு திரிந்தேன். தூக்கம் கிடையாது, நெஞ்சு படபடவென்று அடிக்கும், எதிலும் பிடிப்பில்லை. ஓமத்தண்ணி, இஞ்சி மொரப்பா, சோடா எல்லாம் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரவேற்பில் பெயர் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (எங்கள் ஊரில் ஹெல்மெட் போட்டால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

ஒளிந்து போனதற்குக் காரணம் இருந்தது. என் தங்கை மீனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அவளுக்கும் ரொம்பப் பிடித்துப்போன மாப்பிள்ளை. அப்பா இல்லாத வீடு. நான்தான் பெரிய மனுஷன். பெண்ணின் அண்ணனுக்கு மூளை சரியில்லையாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் சம்பந்தமே கலைந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் கூடியது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஒரு நாள் முழுக்க நெஞ்சுல ஒரு மெஷின் மாட்டி விடுறேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி எப்படி மாறுதுன்னு பார்ப்போம். மனச்சோர்வு, பதட்டம் இருந்தா அதுல ஒரு சாயல் தெரியலாம். அதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டேன். ஒரு துப்பு, அவ்வளவுதான்."

நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். ஏனென்றால் நான் ஸ்பின்னிங் மில்லில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். நூலை மெஷினில் ஓடவிட்டால் கிராஃப் வரும். கோடு ஏறி இறங்கினால் மட்டமான நூல். கோடு நேராக ஓடினால் முதல்தர நூல். என் பிழைப்பே அதுதான். ஆகவே, என் நெஞ்சையும் சீராக ஓட்டி நல்ல மார்க் வாங்கிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு நிச்சயதார்த்த நாளைவிட நல்ல நாள் உண்டா? எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள், நெஞ்சும் சந்தோஷமாக ஓடும். (இந்த மூளையைத்தான் சரியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.)

நிச்சயத்தன்று காலையில் கிளினிக்கில் என் நெஞ்சு முடியை அங்கங்கே மழித்து, வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். "படபடப்பு வந்தா இந்தப் பொத்தானை அழுத்துங்க. பீப்னு சத்தம் வரும், அந்த நேரம் பதிவாயிடும்" என்றார்கள். மேலே பட்டுச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தளும்பத் தளும்பக் குடம் தூக்கினவன் மாதிரி நடந்தேன். சிரிப்பு வந்தால் அடக்கினேன். கோபம் வந்தால் விழுங்கினேன். பால்கோவாவைக்கூட ஆசைப்படாமல் தின்றேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சங்கரபாண்டியன், போலீசில் தனிப்பிரிவு ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டே சர்வீஸை முடித்த மனுஷர். அவர்தான் மீசையைத் தடவிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"பொண்ணுக்கு நகை விஷயத்துல..."

எனக்குப் படபடத்தது. அழுத்தினேன். பீப்.

அவர் நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். "நாங்க வாய்விட்டு ஒண்ணும் கேக்கல. ஆனா ஊரு வழக்கம்னு..."

பீப்.

"ஏலே, யாரு போன்லே அது? அமத்துங்கடே!"

எல்லாரும் அவரவர் போனைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா, "ஏலே, தாம்பாளத்த எடுத்துக் குடு" என்றாள். குனிந்தேன். பட்டுச்சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே சிவப்பு வயர் ஒன்று எட்டிப் பார்த்தது.

"தம்பி, செத்த நேரம் அப்படியே நில்லுங்க" என்றார் சங்கரபாண்டியன். பக்கத்தில் வந்து, இரண்டு விரலால் வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் மண்டபமே அதிரக் கத்தினார். "நாம பேசுறத ரெக்கார்டு பண்ணுதான்யா! நகைன்னு வாயெடுத்தா பீப்புங்குது. நாளைக்கு ஸ்டேஷன்ல கொண்டுபோய் நீட்டுறதுக்கு!"

"ஐயோ, எம் புள்ள வாயில்லாப் பூச்சி!" என்று அம்மா பதறினாள்.

"வாயில்லாட்டி என்ன, அதான் மைக்கு மாட்டியிருக்கானே!"

"பவர் பேங்க் மாமா" என்றேன்.

"நெஞ்சுலயா சார்ஜ் போடுதீக?"

"இல்ல மாமா... கேஸ் டிரபிள்."

"கேஸுக்கு எதுக்குய்யா வயரு?"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்த பூத்தட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். உள் அறை வாசலில் மீனா நின்றிருந்தாள். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சட்டைப் பொத்தான்களை மடமடவென்று கழற்றினேன்.

"மைக் இல்ல மாமா. எனக்கு மனசு சரியில்ல. ஒரு வருஷமாத் தூக்கமில்ல. மனநல டாக்டர்ட்ட போறேன். இது நெஞ்சுத் துடிப்பப் பதியிற மெஷின். திட்டணும்னா என்னத் திட்டுங்க. மீனாவ விட்றாதீங்க மாமா."

சொல்லி முடிப்பதற்குள் பொலபொலவென்று அழுதுவிட்டேன். பட்டுச்சட்டை திறந்து, அங்கங்கே மழித்த நெஞ்சோடு, ஊர் பார்க்க நின்றேன்.

சங்கரபாண்டியன் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"தூக்கமே வராதோ?"

"வராது மாமா."

"விடியக்காலம் முழிச்சு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடப்பீகளோ?"

"ஆமா மாமா."

"நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுல கேக்குமோ?"

"கேக்கும் மாமா."

அவர் சட்டென்று தன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா ஏட்டி! ரிட்டயர் ஆனதுல இருந்து எனக்கும் இதே கதைதான். நீ என்னடான்னா தெனமும் இஞ்சிச்சாற ஊத்துத!"

"நீங்கதான கேஸுன்னு சொன்னீக!" என்றார் அந்த அம்மா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் படிக்கட்டு ஏறுனா அடிக்குது, செத்த மாட்டிப் பாப்பமா?" என்று கிட்டே வந்தார். பின்னாலேயே ஒரு வரிசை கூடிவிட்டது. சங்கரபாண்டியன் கையை விரித்து மறித்தார். "யாரும் தொடக்கூடாது! ரெக்கார்டிங் நடக்குது!" அவர் காவலிலேயே தட்டு மாற்றினார்கள். நகைப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வாய் திறந்தவர்களும் என் இடுப்பைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். நான் பால்கோவாவை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

மறுவாரம் டாக்டர் கிராஃபைக் காட்டினார். காலை நேரத்துக் கோடு பிசிறில்லாமல் ஓடியிருந்தது. "பாத்தீங்களா சார், முதல்தர நூல்!" என்றேன்.

"அதுதான் சார் கவலை" என்றார் டாக்டர். "நல்ல நெஞ்சு மூச்சுக்கும் மனசுக்கும் தக்கபடி கூடிக் குறையணும். இது விறைச்சுப் போய் ஓடுது. ஆனா மத்தியானத்துக்கு மேல பாருங்க, எப்படி ஏறி இறங்குது! அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சட்டையத் திறந்து போட்டு ஊர் முன்னாடி அழுதேன் சார். பொறவு சிரிச்சேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்று சொல்லி மருந்தும், வாரம் ஒருநாள் வந்து பேசும்படியும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தால், அடுத்த ஆளாக ஹெல்மெட்டைக் கழற்றாமல் சங்கரபாண்டியன் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

"ஊருக்கே தெரிஞ்ச பொறவு ஹெல்மெட் எதுக்கு மாமா?"

"நீரு இப்படித்தான வந்ததாச் சொன்னீரு மருமவனே? இங்க அதான் முறைன்னு நெனச்சேன்."

மீனாவுக்குக் கல்யாணமாகிப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். எங்கள் இரண்டு வீட்டிலும் இன்றுவரை "எப்படி இருக்க?" என்று கேட்டால் "கோணல்மாணலா இருக்கேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் நல்ல சேதி. போன மாசம் மில்லில் வேலை நெருக்கடி. மீனா போனில் கேட்டபோது, ஞாபகமில்லாமல் "சீரா ஓடுதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் கார் வந்து நின்றது. மீனா, மச்சான், கையில் பால்கோவாவோடு சங்கரபாண்டியன் மாமா. அவர் நேராக வந்து என் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து, "பீப்" என்றார்.