கொட்டைக்கரியில் குடியிருந்தவன்

என் மனைவியின் மனம் கவர்ந்தவனைக் கொன்றுவிடுவதென்று சனிக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள் முடிவு செய்தேன்.

அவன் எங்கள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வசித்தான். என் மனைவி ஸ்லவ்கா, நகரத்துக் கழிவுநீர் ஆய்வகத்தில் பணியாற்றுபவள். மக்கள் விழுங்கும் மருந்தின் மிச்சம் சாக்கடை வழியே ஆற்றைச் சேர்கிறது. பிளம் கொட்டையைச் சுட்டெடுத்த கரி அதைப் பிடித்து நிறுத்தும். கரியின் துளைகளில் குடியேறிய பாக்டீரியா அதைத் தின்று தீர்க்கும். ஆய்வகத்து வெப்பமூட்டி பழுதானதால் அந்தக் கரியும் பாக்டீரியாவும் அடைத்த குடுவை வீட்டுக்கு வந்ததாம்.

வந்தது வரட்டும். ஆனால், அவள் அதை "அவன்" என்றாள்.

முப்பத்தோராண்டு செர்பிய இலக்கணம் கற்பித்தவன் நான். எங்கள் மொழியில் பாக்டீரியா பெண்பால், ஐயத்துக்கே இடமில்லை. திருத்தினேன்.

"இலக்கணத்தை நீயே வெச்சுக்கோ, ராதிவோயே. அவனுக்குக் குளிருது, பாவம்" என்று என் கம்பளிக் கழுத்துத்துணியை எடுத்துக் குடுவைக்குச் சுற்றினாள்.

எனக்கு ஆறிப்போன பீன்ஸ் சூப். அவனுக்கு மணிக்கொரு நலம் விசாரிப்பு. என் முழங்கால் வலியை யாரும் விசாரிக்கவில்லை. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது, இனித் தொடக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். நிறுத்திவிட்டதாக மனைவியிடம் சத்தியமும் செய்திருந்தேன். அகராதிக்குப் பின்னால் நாற்பது மாத்திரைகளைப் பதுக்கியிருந்தது வேறு விஷயம்.

கொல்லும் வழிதான் புலப்படவில்லை. நண்பகலில் அவளே சொல்லித்தந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தொலைபேசியில் தோழியிடம்:

"வலி மாத்திரை மட்டும் அவன்மேல பட்டுடக் கூடாதுடி. பட்டா அவ்வளவுதான் அவன் கதை."

அவள் சந்தைக்குப் போனதும் நாற்பதையும் பொடித்துக் கொட்டினேன். எனக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, பகை அத்தகையது.

திங்கட்கிழமை துக்கம் விசாரிக்கும் முகத்துடன் குடுவையை எட்டிப் பார்த்தேன். கரியின் மேல் கொழுத்து, வழுவழுவென்று மினுமினுத்தான்.

"அவன் சாப்பாடே அதுதான்" என்றாள் ஸ்லவ்கா. கழுத்துத்துணியை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றினாள். "அகராதிக்குப் பின்னால இன்னும் மிச்சம் இருக்கா?"

"இல்லை" என்றேன். "அப்படியானால், அந்த இலக்கணப் பிழை..."

"பாக்டீரியா பெண்பால்னு எனக்குத் தெரியாதா, வாத்தியாரே? 'அவள்'னு சொல்லியிருந்தா நீ ஒரு மாத்திரையாவது கொட்டியிருப்பியா?"