அப்பீல் அண்ணனும் ஜப்பான் விளக்கும்

யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாத மனிதர் பினாங்கில் ஒருவர்தான் இருந்தார். டாக்டர் காய்ச்சல் என்றால், "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்பார். முடிவெட்டுகிறவர் "முடிஞ்சிருச்சு அண்ணே" என்றால், கண்ணாடியை வாங்கிப் பார்த்து இடது காதுப் பக்கத்துக்கு மறு விசாரணை கேட்பார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கே அவர் அப்பீல் அண்ணன்.

துறைமுகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து வேலையை விட்டவர். அந்தக் காலத்தில் பினாங்கில் இறங்கும் சாமானுக்கு வரி கிடையாது, ஆனால் தடை உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று, 'இது எங்கள் பேட்டண்ட் உரிமையைத் திருடிச் செய்தது' என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஜப்பானிலிருந்து வந்த பெட்டியைக் கஸ்டம்ஸ்காரர்கள் குடோனில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அப்பீல் தோற்றால் உடைத்துக் கடலில் கொட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளுக்காக வாதாடுவதுதான் அண்ணனின் தொழில்.

அவர் வாதம் எப்போதும் ஒன்றேதான். அசல் சாமான் வேலை செய்யும், இது செய்யாது, ஆகையால் இது அதன் நகல் ஆகாது. சூலியா தெரு பாய் ஒருவர் வரவழைத்த பிளாஸ்குகள் மாட்டிக்கொண்டபோது, காலையில் அதில் தேநீர் ஊற்றி, மதியம் அதிகாரிக்கே குடிக்கக் கொடுத்தார். தேநீர் பச்சைத் தண்ணீராக இருந்தது. பெட்டி வெளியே வந்தது. சங்கதி ஊர் முழுவதும் பரவி, ஒரு பிளாஸ்குகூட விற்கவில்லை.

"என்னண்ணே, என் வயித்துல அடிச்சிட்டீங்களே" என்றார் பாய்.

"பெட்டி வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க பாய்."

இப்படிப்பட்டவரிடம் நானே போய் நிற்கவேண்டி வந்தது. என் மனைவி விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பாதையில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் முழுவதும் விளக்கு ஏற்றுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். நான் தருவித்த ஜப்பான் அரிக்கேன் விளக்குகள் குடோனில் உட்கார்ந்தன. காற்றுக்கு அணையாத மூடி ஒரு கம்பெனியின் பேட்டண்டாம். தைப்பூசம் அடுத்த வாரம்.

"பயப்படாதீங்க தம்பி. கப்பல் ஜெட்டிப் பாலத்துல வச்சு ஏத்திக் காட்டுவோம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். காத்துதான் நம்ம சாட்சி" என்றார் அண்ணன்.

கஸ்டம்ஸ் துரை வந்தார். அவரோடு பேச்செல்லாம் மலாய் மொழியில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். நான் விளக்கை ஏற்றி, பழக்கத்தில் ஒரு கும்பிடும் போட்டேன். கடற்காற்று அடித்தது. சுடர் படுத்தது. அவ்வளவுதான், என் இரண்டு கையும் தானாகப் போய் விளக்கைச் சுற்றி மறைத்துக்கொண்டன. சுடர் நிமிர்ந்து எரிந்தது.

"நன்றாகத்தானே எரிகிறது?" என்றார் துரை.

அண்ணன் என் காதருகே வந்தார். "தம்பி, கைய எடுங்க."

"ஏத்துன விளக்குண்ணே."

"எடுங்கலா. வேண்டுதலே போயிரும்."

"வேண்டிக்கிட்ட விளக்க நானே அணைய விட்டா பாவம்ண்ணே."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துரையிடம் திரும்பினார்.

"துவான், கம்பெனிக்காரன் விளக்கோட ஓர் ஆளையும் சேத்தா விக்கிறான்? இது பக்கத்துல ஆள் நின்னாத்தான் எரியும். இது எப்படி அது ஆகும்?"

துரை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அப்போதும் கையை எடுக்கவில்லை. பெட்டியை விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் வாதாடியது முழுக்க உண்மை என்பது தைப்பூசத்தன்று தெரிந்தது. மலைக்காற்று இறங்கியதும் பந்தல் விளக்குகள் வரிசையாக அணைந்தன. நான் தலையில் கை வைத்து நின்றேன். அண்ணன் எங்கிருந்தோ வந்தார். வாதம் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு முனையிலிருந்து ஏற்றிக்கொண்டே போவார், மறு முனை சேர்வதற்குள் முதல் விளக்கு அணைந்திருக்கும், திரும்பி வருவார்.

மேளம் நெருங்கியது. கூட்டமெல்லாம் சாலைக்கு ஓடியது.

"அண்ணே, தேர் வந்திருச்சு, வாங்க."

"நீங்க போங்க தம்பி. இந்த மூலை விளக்கு போயிருச்சு."

அன்று அவர் தேரைப் பார்க்கவில்லை. தேரில் வந்தவன் அவரைப் பார்த்திருப்பான் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.