மாமனாருக்கு ஒரு முழுக்கு

தொட்டி வாசலில் சிக்கிக்கொண்டது.

பாதி வீட்டுக்குள், பாதி மாடிப்படியில். இந்தப் பக்கம் பிளம்பர், அந்தப் பக்கம் அவன் மனைவி. அவன் குழாய் வேலை பார்க்கும் ஒரு விடுதியில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிவந்த குளியல் தொட்டி அது. அடுத்தவர் வீடுகளுக்கெல்லாம் அளந்து அளந்து குழாய் போடுகிறவனுக்குத் தன் வீட்டு வாசலை அளக்கத் தோன்றவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

"இதுக்கு மேல சாய்ச்சா நான்தான் சாயணும். பட்டினி கெடக்கேன், ஞாபகம் இருக்கா?"

உள்ளே கட்டிலில் கிடந்த மாமனார் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு செய்யுங்க. என்னைத் தூக்கி அதுல படுக்க வச்சு, அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோயிடுங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்."

"அப்பா, சும்மா இருங்க!"

சும்மாதான் இருந்தார். வேறு எப்படி இருப்பது? இருதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. குளியலறையில் விழுந்ததில் வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவருக்குப் பிடிச்சதைக் கொடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் பிடித்ததை யார் கேட்டார்கள்? மகள் தனக்குப் பிடித்ததைக் கொடுக்க முடிவு செய்தாள். ஞானஸ்நானம்.

அவர்கள் சபையில் இந்த விஷயத்தில் தகராறே கிடையாது. தண்ணீரில் முழுதாக முங்கி எழுந்தவனுக்குத்தான் பரலோகம். மற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் வாசலோடு சரி. மாமனாரோ பல வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார், காணிக்கை போடுவார். ஞானஸ்நானத் தொட்டிப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

"ஏன் மாமா இவ்வளவு பிடிவாதம்?" என்று பிளம்பர் போன வாரம்கூடக் கேட்டான். "கோயில் தொட்டிக்கே தூக்கிட்டுப் போறேன். நாலு படிதான்."

"மூணாவது படி வழுக்கும்" என்றார் மாமனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

உண்மைதான், வழுக்கும். அந்தத் தொட்டியைப் பழுது பார்த்தவனே பிளம்பர்தான். அதுதான் அவன் வாழ்க்கையின் பெரிய வினை.

மாமியார் உயிரோடு இருந்தபோது நடந்தது அது. அந்தம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம், வாளியில் மொண்டு குளிக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார். எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்தார். நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்து கோயில் தொட்டி ஒழுகியது. பிளம்பர் போய் விரிசலைக் கொத்திப் பூசி, "சிமெண்ட் நல்லா இறுகணும், ஒரு வாரம் தண்ணி விடாதீங்க" என்றான். தொழில் தெரிந்தவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அந்த ஒரு வாரத்துக்குள் மாமியார் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கத்தின்போது அப்போதைய பாஸ்டர் ஐயா "பரலோகம்" என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "ஆண்டவர் சித்தத்துக்கு விட்டுடுவோம்" என்று முடித்துக்கொண்டார். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வட்டிக்காரனை, தொட்டியில் முங்கியவன் என்பதற்காக, நேராகப் பரலோகத்தின் முன்வரிசைக்கே அனுப்பிவைத்த வாய் அது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் சிமெண்ட் என்று சொல்வதில்லை. மனைவி அவனை ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

இப்போது அப்பாவும் அப்படியே போய்விடுவாரோ என்று பயந்துதான் அவள் பட்டினி கிடந்தாள். அப்பா சம்மதிக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். மகள் மயங்கி விழப்போகும் நேரத்தில் அப்பா கையை உதறினார்.

"சரி, தொலைங்க. ஒரு தடவை முக்குங்க, ஒம்பது தடவை முக்குங்க. முதல்ல அவளைச் சாப்பிடச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"முழுக்கு முடிஞ்சாத்தான் சாப்பாடு" என்றாள் மகள். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அதனால்தான் தொட்டி. இந்தத் தடவை தப்புவிடக் கூடாது என்பது பிளம்பரின் வைராக்கியம். கதவைக் கழற்றினான். போதவில்லை. நிலையை ஒரு பக்கம் பெயர்த்தான். நிலையோடு சுவரும் கொஞ்சம் வந்தது. தொட்டி உள்ளே போனது.

தண்ணீர் விட ஆரம்பித்த பிறகுதான் தொட்டிக்கு அடைப்பான் வாங்க மறந்தது தெரிந்தது. ஓட்டையில் பழைய துணியைத் திணித்து, மேலே பசையைத் தடவினான். பார்த்தால் பிரமாதமாக இருந்தது. தொட்டி முக்கால் நிறைந்தபோது கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். தலை நனைந்திருந்தது.

"என்னங்க நடக்குது இங்க? என் கட்டில்மேல மழை பெய்யுது! உங்க வீட்டுக் கதவு எங்க?"

"மாமாவுக்கு ஞானஸ்நானம்" என்றான் பிளம்பர், ஓட்டைக்குள் விரலை வைத்துக்கொண்டு.

கீழ்வீட்டுக்காரர் வேறு சபை. கோபத்தைப் பாதியில் விட்டுவிட்டு விவாதத்துக்குத் தயாராகிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு எதுக்குங்க இவ்வளவு தண்ணி? கைக்குழந்தையா இருக்கும்போதே எனக்கு நெத்தியில மூணு சொட்டு வச்சாங்க. அதோட சரி. இப்ப நீங்க தலையில ஊத்தினதுதான் அதிகம்."

"சொட்டு வச்சா ரட்சிப்பு வராது" என்றாள் மனைவி.

"அப்ப சிலுவையில ஆண்டவர் பக்கத்துல தொங்கினானே கள்ளன், அவன் எந்தத் தொட்டியில முங்கினான்? அவனுக்குப் பரலோகம் கெடைக்கலையா?"

"அது அப்ப. அவனுக்கு வேற வழியில்லை."

"வழியில்லாதவங்களுக்கு வேற கணக்குன்னா, உங்க அம்மா? அவங்களுக்கும்தான் வழியில்லாம போச்சு. இப்ப அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்றீங்க?"

மனிதர் வாதத்தில் ஜெயிக்கத்தான் கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

"சொல்லும்மா" என்றார் மாமனார் கட்டிலிலிருந்து. "நானும் ரொம்ப வருஷமா அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

அவள் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். சமைக்க எதுவும் இல்லை, பட்டினிதானே. சும்மா உருட்டினாள். பிளம்பருக்கு விரலை ஓட்டையிலிருந்து எடுத்துவிட்டு அவளிடம் போக வேண்டும் போலிருந்தது. எடுத்தால் கீழே மழை பெய்யும்.

இப்போதைய பாஸ்டர் வந்தார். இளைஞர். சட்டைக்குக் கஞ்சி போட்டு, முகத்தில் புன்னகையும் அதே மாதிரி போட்டிருந்தார். கதவில்லாத வாசலைத் தட்ட வழியில்லாமல் "ஸ்தோத்திரம்" என்று குரல் கொடுத்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார், திருப்தி. மாமனாரைப் பார்த்தார், திருப்தி. காலைப் பார்த்தார்.

"இது என்ன பிரதர்?"

"மாவுக்கட்டு. நனையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பிளாஸ்டிக் பையைச் சுத்திக் கட்டிடறேன் பாஸ்டர்."

"பைக்குள்ள இருந்தா அந்தக் கால் எப்படி நனையும்? முழுக்குன்னா முழுசா முங்கணும். ஒரு விரல்கூட வெளியே நிக்கக் கூடாது."

"அப்ப என்ன ஆகும்?" என்று கேட்டார் மாமனார் உண்மையான ஆர்வத்தோடு. "நான் மேல போயிடுவேன், கால் மட்டும் கீழ போயிடுமா?"

"அங்கிள், இது விளையாட்டு இல்லை."

"விளையாட்டுன்னு யார் சொன்னது? அங்க நீங்களும் வருவீங்கதானே தம்பி? அப்ப எனக்கு ஓடறதுக்கு ரெண்டு காலும் வேணுமில்ல."

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "கட்டைப் பிரிச்சிடுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

"டாக்டர்..."

"டாக்டர் கைவிட்டாச்சு. உங்ககிட்டதான் ரம்பம் இருக்கே. கோயில்ல கொத்தத் தெரிஞ்ச உங்களுக்கு இதை அறுக்கத் தெரியாதா?"

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை. பிளம்பர் மறுபேச்சுப் பேசாமல் போய்க் குழாய் அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தான். ஓட்டையை அடைக்கும் பொறுப்பைக் கீழ்வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார், கட்டில் அவருடையதாயிற்றே. மாவுத் தூள் பறந்தது. பாதி அறுத்ததும் கால் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாமனார் "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு மயங்கிப்போனார்.

"இப்பக் கொடுத்துடுங்க பாஸ்டர்" என்றான் பிளம்பர் பதறிப்போய். "வலியும் தெரியாது. சீக்கிரம்."

பாஸ்டர் பின்வாங்கினார். "மயக்கத்துல கொடுக்கக் கூடாது பிரதர். விசுவாசிக்கிறேன்னு அவர் வாயால சொல்லணும். முழிச்சதும் கூப்பிடுங்க. எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு."

கதவு இல்லாத வாசல் வழியாக ரொம்பச் சுலபமாகப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய பாஸ்டர் ஐயா. ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். பிளம்பர் போய் நின்றபோது அந்த மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்கண்ணே. ஆனா ஞாபகம் சுத்தமா போச்சு. என்னையே யாரும்மா நீன்னு கேக்குறார். ஜெபம் மட்டும்தான் மறக்கலை."

அது போதும் என்று நினைத்தான் பிளம்பர். ஞாபகம் இல்லாதவரானால் கால், கட்டு என்று நோண்டமாட்டார்.

வரும் வழியெல்லாம் ஐயா அவனிடம் "தம்பிக்குக் கல்யாணம் எப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்ததும், தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்பிள்ளை நல்லா இருக்கணும்" என்று ஆசீர்வதித்தார். மனைவி பெருமூச்சு விட்டாள்.

மாமனார் அதற்குள் கண் விழித்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை மாமா."

"இன்னுமா?" என்றவர், வந்திருப்பது யாரென்று பார்த்தார். முகம் மாறியது. "இவர் எதுக்கு? அந்தத் தம்பியையே கூப்பிடுங்க. இவர் வேண்டாம்."

"பெரியவர்னா என்னப்பா? இவர் ஜெபமும் ஜெபம்தானே?"

மாமனார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூச்சு ஏறி ஏறி இறங்கியது. இனித் தாமதிக்க முடியாது. பிளம்பர் தோளைப் பிடித்தான், மனைவி இடுப்பைப் பிடித்தாள். ஒரு கை ஓட்டையில் இருந்ததால் கீழ்வீட்டுக்காரர் மறு கையால் காலைத் தாங்கினார். மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார்கள். ஐயா முழங்காலிட்டு மாமனாரின் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தினார். அந்தக் கைகள் நடுங்கவில்லை.

முக்கப் போனவர் நின்றார். முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இவருக்கு எதுக்கு மறுபடியும்?"

"மறுபடியும் இல்லைங்க ஐயா" என்றாள் மனைவி. "இப்பத்தான் முதல் தடவை."

"இல்லையே. இந்தத் தலையை இதே கைதானே முக்கிச்சு?"

"பாவம், மறதி" என்று புருஷனிடம் முணுமுணுத்தாள்.

"பேசாம முக்குங்க ஐயா" என்றார் மாமனார் கண்ணைத் திறக்காமல். குரலில் கிண்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தீங்க."

வாக்கு ஐயாவுக்கு ஞாபகம் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

"ஒரு செவ்வாய்க்கிழமை. கோயில்ல யாருமே இல்லை. 'என் சம்சாரத்துக்குத் தண்ணின்னா பயம் ஐயா, முதல்ல நான் எறங்கிப் பாத்துட்டுப் போய்த் தைரியம் சொல்றேன்'னார். மூணாவது படியில வழுக்கிக்கூட விழுந்தார்."

பிளம்பர் குனிந்து மாமனாரின் முகத்தைப் பார்த்தான்.

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்பா! அப்ப நீங்க எப்பவோ எடுத்தாச்சா? பரலோகம் உறுதியா? ஏம்பா இத்தனை வருஷமா மறைச்சு என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

மாமனார் முகத்தைத் தொட்டிச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவரை ஏம்மா திட்டறே?" என்றார் ஐயா. "சம்சாரம் செத்த மறுநாள் வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்குங்க ஐயா, அவ எங்க இருக்காளோ நானும் அங்கேயே போறேன்'னு அழுதாரே, அந்த மனுஷன்தானே இவர்?"