தயவுசெய்து பாய்லரைக் கெடுத்துத் தரவும்

ஸ்கெல்பெக்,
நவம்பர், புதன்கிழமை மதியம்

அன்பிற்குரிய மச்சான் கிளைவுக்கு,

உன் அக்காள் புருஷன் நார்மன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் டோரீனும் மழையும் சௌக்கியம். ஹல் நகரத்தில் நீயும் உன் வேனும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் அக்காள் பிறந்தநாளுக்கு வந்தவன் கேக்கைத் தின்றோமா, போனோமா என்று இல்லாமல், எங்கள் தேவாலயத்தைச் சூடேற்றும் பாய்லர் ‘ம்ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டு, கருவிப்பெட்டியோடு நிலவறைக்கு இறங்கி, யாரும் கேட்காமலே பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? மகராசன், நன்றாயிரு. அதனால் எங்கள் பாடகர் குழு குட்டிச்சுவராய்ப் போயிற்று.

கோபப்படாதே, முழுக்கக் கேள். நாங்கள் பக்கவாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடுகிறவர்கள். குயில் கூவிற்று, வசந்தம் வந்தது, காதலி செத்தாள். இந்த மூன்றை விட்டால் ஆங்கிலேயனுக்கு நாலு குரலில் சொல்ல வேறு சேதி கிடையாது. ஆனால் எங்கள் குழுவுக்கு ஒரு தீராத வியாதி உண்டு, ஆரம்பித்த சுருதியில் முடிக்க மாட்டோம். எங்களை நடத்தும் மிஸ் ஒல்லரன்ஷா இசைக்கவையை முழங்காலில் தட்டிச் சுருதி கொடுப்பார். குயில் மரத்து உச்சியில்தான் ஆரம்பிக்கும், பாட்டு முடிவதற்குள் இறங்கி வந்து தரையில் நடந்துகொண்டிருக்கும். இந்த லட்சணத்தில் போன ஏப்ரலில், ஈஸ்டருக்கு அடுத்த வாரம், தேவாலயத்தில் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. ஒலிப்பதிவுக்கு டெஸ்மண்ட் என்பவன் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, மிஸ் ஒல்லரன்ஷா என்னைத் தூணோரமாகக் கூப்பிட்டார்.

“நார்மன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரல்ல நல்ல பலம் இருக்கு. மைக் தாங்காது. இன்னைக்கு மட்டும் சும்மா வாயை அசைங்களேன், சத்தம் வேண்டாம்.”

மச்சான், முப்பது வருஷமாக அடிக்குரல் வரிசையில் அதே இடத்தில் நிற்கிறவன் நான். ஆனாலும் குழுவின் நன்மைக்காகச் சரி என்றேன். வாயை அசைத்தால் பழக்கதோஷத்தில் குரல் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றேன். தேநீருக்குத் தவிர அன்று முழுக்கத் திறக்கவே இல்லை. பாய்லர் ஓடியும் அப்படி ஒரு குளிர், எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு வசந்தத்தைப் பாடினோம், உன் கைபடாத காலத்தில் அந்தப் பாய்லரின் யோக்கியதை அவ்வளவுதான். நடுவில் வெளியே ஓர் ஆடு கத்திவிட்டதால் காதலி மறுபடியும் சாக வேண்டியிருந்தது. ஆனால் அதிசயம் என்னவென்றால், அன்று குயில் கிளையை விட்டு இறங்கவே இல்லை. முதல் தடவை பாடியதையும் இரண்டாம் தடவை பாடியதையும் டெஸ்மண்ட் ஒட்டவைத்தால் இம்மி பிசகவில்லை.

இசைத்தட்டும் வெளிவந்தது. லண்டன் பத்திரிகை ஒன்றில் ஃபிட்ச் என்ற விமர்சகர், ‘சுருதியில் பாறை போல் நிற்கும் குழு’ என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? வருகிற சனிக்கிழமை எங்கள் கச்சேரிக்கு நேரிலேயே வருகிறாராம். நாங்கள் எந்தக் காலத்தில் பாறையாக இருந்தோம் என்று எல்லோருக்கும் கிலி பிடித்துக்கொண்டது. டெஸ்மண்டிடம் கேட்டோம். அவன் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, எல்லாப் பாட்டுக்கும் அடியில் ஒரே சீராக ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் ஓடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் நின்றிருக்கிறீர்கள் என்றான். “பாய்லர்!” என்று மொத்தக் குழுவும் ஒரே குரலில் கத்தியது. முன்பின் அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் சொன்னதில்லை.

நேற்று ஒத்திகைக்குப் பாய்லரைப் போட்டுப் பார்த்தோம். உன் புண்ணியத்தில் அது ஊமையாகிவிட்டது. கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து என்னைப் பக்கத்து அறையில் தேநீர் போடத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால், நிலவறைக்குப் போய் அதை உதைக்கும் வேலையும் எனக்கே வந்தது. உதைத்தேன், கெஞ்சினேன், உன் பெயரைச் சொல்லிக்கூடத் திட்டினேன். கரி பூசிக்கொண்டு மேலே வந்தால் குயில் தரையைத் தாண்டிப் பாதாளத்துக்கே போயிருந்தது, மிஸ் ஒல்லரன்ஷா படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“சனிக்கிழமை மானம் போகத்தான் போகுது, அதோட நான் விலகிக்கறேன். குழுவைக் கலைச்சுடுங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நார்மன், அன்னைக்கு வாசல்ல வர்றவங்க கோட்டை வாங்கி மாட்டுற வேலையை நீங்க பாத்துக்கறீங்களா?” என்றார்.

கோட்டு மாட்டுகிறேன், மச்சான். எனக்கு அழுகை வந்ததை யாரும் பார்க்கவில்லை, கரிதான் உதவிற்று. ஆனால் குழு கலையக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து நீ சரிசெய்ததைக் கெடுத்துக் கொடு. ஒரு திருகாணியைத் தளர்த்து, எதையாவது உள்ளே போடு, உன் தொழிலில் உனக்குத் தெரியாததா. எந்தச் சுருதியில் முனக வேண்டும் என்று தெரிந்துகொள்ள இசைத்தட்டையும் இதோடு அனுப்புகிறேன்.

உன் கைபட்ட குழாய் எதுவும் ஒழுகாமல், உன் வேன் நடுவழியில் நிற்காமல், உன் முட்டி மாடிப்படியைக் கண்டு முறைக்காமல் இருக்க ஆண்டவன் அருள்வாராக. டோரீன் தன் அன்பையும், நீ விட்டுப்போன ஒற்றைக் காலுறையையும் தனியே அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உன்னை நம்பி இருக்கும்
நார்மன் டாட்டர்சால்

பி.கு.: மச்சான், பாய்லரைத் தொடாதே! இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போன இடத்தில், தேவாலயம் கூட்டிப் பெருக்கும் மிஸஸ் கிரிபிளைப் பார்த்தேன். பதிவன்று பாய்லர் உதவிய கதையைச் சொன்னேன். “எந்தப் பாய்லரு? ஈஸ்டர் முடிஞ்சா அதை அணைச்சுடணும்னு பாதிரியார் உத்தரவு. நாந்தான் அணைச்சேன். சொன்னா நீங்கள்லாம் குளிருதுன்னு கத்துவீங்கன்னு சொல்லலை” என்றார். பேயறைந்த மாதிரி, கடிதத்தைப் போடாமலே வீட்டுக்கு வந்து, டோரீனிடம் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, “இந்தச் சத்தமா? நீ பாத்திரம் கழுவுறப்ப எல்லாம் போடறியே, அதானே. வாயை மூடிட்டு நின்னேன்னு சொன்னப்பவே நெனச்சேன்” என்றாள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் நான் முனகுகிறேனாம், எனக்கே தெரியாது. உடனே மிஸ் ஒல்லரன்ஷாவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். “கழுவுங்க, கேக்கலாம்” என்றார். டோரீன் தொலைபேசியைப் பிடித்துக்கொள்ள நான் நாலு தட்டு கழுவினேன். அந்தப் பக்கம் இசைக்கவையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “நார்மன், கோட்டை வேற யாராவது மாட்டிக்கட்டும். சனிக்கிழமை நீங்க நட்ட நடுவுல நில்லுங்க. தயவுசெஞ்சு, உயிரே போனாலும் வாயை மட்டும் தொறந்துடாதீங்க” என்றார். ஆகவே நீ கருவிப்பெட்டி இல்லாமல், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர். நான் நடுவில் நிற்பதைப் பார்க்க நம் பக்கத்து மனுஷன் ஒருவனாவது வேண்டாமா?