நிற்கும் காருக்குக் காவல்

"எவன்டா என் காரைக் கீறினது?"

தங்கராஜு போட்ட சத்தத்தில் அந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளின் கதவு திறந்தது. மீதிப் பாதி, சத்தம் யாருடையது என்று தெரிந்துகொண்டு திறக்காமலே இருந்துவிட்டது.

கீறல் என்னவோ உண்மைதான். புதுக் காரின் இடதுபக்கத்தில், முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. வாசலில் நின்ற காரை யாரோ நிதானமாகக் கீறிவிட்டுப் போயிருந்தார்கள்.

தங்கராஜு ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யார் அரைநாளில் நழுவினார்கள் என்று ஆபீஸில் உட்கார்ந்து பதிகிற உத்தியோகம். காலமெல்லாம் அடுத்தவர் குற்றத்தைப் பதிந்து பதிந்து, தன்னிடமும் ஒன்றிரண்டு இருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு அற்றுப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு லோரி டிரைவர் தேவன், வாயில் பல்துலக்கும் பிரஷோடு எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறான் பாரு!"

தேவன் வந்து குனிந்து பார்த்தான். "நல்லா நேராத்தான் விழுந்திருக்கு," என்றான்.

"மெச்சிக்கிறியா? நான் புதுக் கார் வாங்கினதுலேர்ந்து உனக்கு வயித்தெரிச்சல்டா!"

"வாயிருக்குன்னு பேசாதீங்கண்ணே," என்றாள் தேவனின் மனைவி இந்திராதேவி, தன் வீட்டு வாசலிலிருந்தே.

"பேசுவேன்! இவன்தான்னு எல்லார் முன்னாடியும் காட்டுவேன். காட்ட முடியலேன்னா, அதே எல்லார் முன்னாடியும் இவன் கையைப் புடிச்சு மன்னிப்பு கேக்குறேன். போதுமா?"

தெரு முழுக்கக் கேட்டது. தங்கராஜு பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மங்களத்திடம்கூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் சொல்லிவிட்டார் என்றால், இனித் தேவன் மாட்டியே ஆகவேண்டும்.

மங்களம் கணவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"போனா போவுதுங்க. கார்ல இருக்குற கேமரா வண்டி ஓடும்போது மட்டுந்தானே படம் புடிக்குது. நிக்கும்போதும் புடிக்கிற மாதிரி என்னமோ செய்றாங்களாம். அதெல்லாம் நமக்கு வேணாம்."

அப்படி ஒன்று இருப்பதே தங்கராஜுவுக்கு அதுவரை தெரியாது. ஆனால் மங்களம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே! அவள் வேண்டாம் என்பதை வேண்டும் என்பதும், வேண்டும் என்பதை வேண்டாம் என்பதும்தான் அவருடைய இல்லறம். அந்த ஒரு கொள்கையில் மட்டும் மனிதர் வழுவியதே இல்லை.

"ஏன் வேணாம்? கெளம்பு."

ஆயர் குரோவில் கார்ச் சாமான் கடை வைத்திருந்த ஜெயமணி, காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விளக்கினான்.

"இப்ப இஞ்சின் நின்னா கேமராவும் தூங்கிருது. பியூஸ் பாக்ஸ்லேர்ந்து தனி ஒயர் இழுத்துட்டா, கார் நின்னாலும் அது முழிச்சிருக்கும்ணே. சிம் கார்டு போட்டா, ஏதாச்சும் அசைஞ்ச உடனே போனுக்கு வீடியோ வந்துரும். உள்ள பாக்குற கண்ணும் ஒண்ணு இருக்கு. சேத்துக்கிறீங்களா?"

"உள்ள எதுக்குத் தம்பி? காலி சீட்டையா படம் புடிக்கப் போறோம்? வேணாம்," என்றாள் மங்களம்.

"உனக்கு என்னா தெரியும்? நாளைக்கு உள்ள பூந்து திருடுவான். போடு ஜெயமணி!"

ஜெயமணி தங்கராஜுவின் போனை வாங்கித் தட்டிப் பார்த்தான். காலை வணக்கம், இரவு வணக்கம், வெள்ளிக்கிழமை வணக்கம் என்று ரோஜாப்பூவும் சாமிப் படமுமாக நிறைந்து வழிந்தது.

"இதுல ஊசி நுழைய இடமில்லண்ணே. வேற போன் இருக்கா?"

"இவ போன் இருக்கு."

"ஐயையோ, என் போன்ல வேணாம்ங்க. எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது."

"தெரியாதவ போன்லதான் இருக்கணும். தெரிஞ்சவன்னா எதையாச்சும் தட்டி அழிச்சிருவான்," என்றார் தங்கராஜு. தன் புத்திசாலித்தனத்தில் தானே மயங்கிப்போய் ஜெயமணியைப் பார்த்தார். ஜெயமணி சீலிங்கைப் பார்த்தான்.

மறுநாள் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருகினால், இருமல்காரன் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கேமரா ராத்திரி முழுக்க முழித்திருந்து பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருந்தது.

"பேட்டரி கோங் ஆயிருச்சுண்ணே," என்று தேவன் லோரியிலிருந்து கேபிளை எடுத்து வந்து மாட்டிக் காரைக் கிளப்பிக் கொடுத்தான்.

தங்கராஜு நன்றி சொல்லவில்லை. காரை எடுக்கும்போது மங்களத்திடம், "சும்மா ஏன்டி உதவி செய்யறான்? உள்ள ஏதோ இருக்கு," என்றார்.

பேட்டரி குறைந்தால் கேமரா தானாக நின்றுவிடுகிற மாதிரி ஜெயமணி மாற்றிக் கொடுத்தான். இப்போது கார் கிளம்பியது. ஆனால் கேமரா விடிவதற்கு முன்பே தூங்கிப்போனது. அது எப்போது தூங்கும் என்று தேவன் காத்திருந்து வருவான் என்று தங்கராஜுவுக்கு ஒரே கவலை. தனிப் பேட்டரி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? எறும்பு ஊர்ந்தாலும் விடக்கூடாது என்று, அசைவு பிடிக்கிற அளவையும் உச்சத்துக்கு ஏற்றச் சொன்னார்.

"வேணாம்ணே, தொல்லையாயிரும்," என்றான் ஜெயமணி.

"நீயும் அவ கட்சியா?"

தொல்லை மறுநாளே ஆபீஸுக்கு வந்தது. மங்களத்தின் போன்.

"ஏங்க, உங்க கார்கிட்ட என்னமோ அசையுதுங்க!"

தங்கராஜு மேசையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓர் ஆடு டயரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி போன். இந்தத் தடவை காக்கை. அதற்கப்புறம் செம்பனை மட்டை ஒன்று காற்றில் ஆடியது. அப்புறம் மறுபடியும் அதே ஆடு, இந்த முறை குடும்பத்தோடு.

ஜன்னலிலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிராணி, அந்த ஆட்டுக்கும் இன்னிக்குப் பேர் போடப் போறீங்களா? உங்களைவிட அது ஒழுங்கா ஓர் இடத்துல நிக்குது."

குமாஸ்தாப் பெண்கள் சிரித்தார்கள். தங்கராஜு அதையும் தேவன் கணக்கில் சேர்த்தார்.

அன்று மாலை காரைத் திருப்பி, கேமரா நேராகத் தேவன் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். திருடன் வருகிற வழியிலேயே கண்ணை வைத்துவிட்டோம் என்று திருப்தி. ஆனால் கண் போய் விழுந்த இடம் இந்திராதேவியின் துணிக்கொடி.

"என்னாண்ணே இது? நான் காயப்போடுற பாவாடைய எதுக்குப் படம் புடிக்கிறீங்க?"

"உன் பாவாடையை யாரும்மா பாக்குறா? உன் புருஷனைப் பாக்குறேன்!"

"வெக்கமா இல்ல? கோயில்ல முன்வரிசையில நின்னு கும்புடுறவரு!"

அந்த வாரம் முழுக்கத் தாமானில் அவருக்குப் புதுப் பெயர் ஒன்று வழங்கியது. அதை இங்கே எழுத முடியாது.

இந்த அமளிக்கு நடுவில் கிளினிக்குக்கும் போகவேண்டியிருந்தது. தங்கராஜுவுக்கு இனிப்புநீர் வியாதி. மாத்திரை மாற்றியும், மங்களம் சமையலையே மாற்றியும், அது இறங்குகிற வழியைக் காணோம். டாக்டர் அவருடைய காலைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் ஆறாமல் நின்றது.

"இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும். அப்புறம் விரலோட நிக்காது." டாக்டர் மங்களத்தின் பக்கம் திரும்பினார். "வீட்டுல என்னம்மா சமைக்கிறீங்க?"

மங்களம் தலையைக் குனிந்தாள். அவர் ஒருவராகக் கசப்பைச் சாப்பிட வேண்டாமே என்று, ஒரு வியாதியும் இல்லாத அவளும் அவரோடு சேர்ந்து பாகற்காயும் ஓட்ஸுமாகத் தின்று தின்று இளைத்துப்போயிருந்தாள்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் டாக்டர். கேக்க மாட்டேங்குறா," என்றார் தங்கராஜு.

இப்படிச் சொல்ல ஒரு மனிதனுக்கு வாய் வரவேண்டும். அவருக்குத் தாராளமாக வந்தது.

மங்களத்தை வீட்டில் இறக்கிவிட்டு, தோட்டத்துக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டினார். மரத்தடியில், ஐஸில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றித் தருகிற செண்டோல் கடை. இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது பார்த்து மங்களத்திடம் சொல்லிவிடுவார்கள் என்பதால், கிண்ணம் காருக்கே வரும். இஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

"குலா மலாக்காப் பாகு கூட ஊத்து. போன தடவை கஞ்சத்தனம் பண்ணிட்டே."

"கிராணி, ஒடம்புக்கு நல்லதில்லையாமே?" என்றார் கடைக்காரர்.

"அட போய்யா! வீட்டுல என் பொண்டாட்டி போடுறத மாடுகூடத் திங்காது. இங்க வந்துதான் நாக்கு உசிரோட இருக்கு."

"இனிப்பு ஏறினா?"

"ஏறட்டும். டாக்டர் அவளைத்தான திட்டுவாரு!"

இரண்டாவது கிண்ணமும் வந்தது. அதோடு சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங். கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமராவின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒருவனும் கிட்டே வர முடியாது என்று தங்கராஜு அதைப் பெருமையாகப் பார்த்தபடி தேங்காய்ப் பாலை உறிஞ்சினார். புத்தி என்று ஒன்று இருந்தால் அந்த நிமிஷம் அது விழித்திருக்க வேண்டும். காருக்குக் காவல் போட்டவர் புத்திக்குப் போடவில்லை.

வார இறுதியில் மங்களம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ஏங்க, போன்ல வீடியோ கொஞ்சம் வந்து கெடக்குது. பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

தங்கராஜு துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டானா?"

"மாட்டினதென்னவோ மாட்டினதுதான். ஆனா வேணாம்ங்க. யாருக்கும் காட்ட வேணாம். அசிங்கமாப் போயிரும்."

"அசிங்கம் யாருக்குடி? அவனுக்குத்தான! கூப்புடு எல்லாரையும்! ஜெயமணியவும் வரச் சொல்லு, டிவியில பெருசாப் போடணும்!"

"நீங்க மொதல்ல ஒருதடவ பாத்துருங்களேன்…"

"நான் எல்லாரோடையும் சேந்தே பாக்குறேன்!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹால் நிறைந்தது. தாமானில் ஒரு வீடு பாக்கியில்லை. தேவனையும் இந்திராதேவியையும் டிவிக்கு நேர் எதிரே உட்காரவைத்தார் தங்கராஜு. எழுந்து நின்று, தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஒரு மனுஷன், யாரும் பாக்கலன்னு நெனச்சு என்னா வேணாலும் செய்யலாம். ஆனா ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கு. பாருங்க, இவன் லட்சணத்த! ஜெயமணி, போடு!"

ஜெயமணி போட்டான்.

டிவி நிறையத் தங்கராஜுவின் முகம் வந்தது. தாடையில் தேங்காய்ப்பால் வழிந்தது. வாய்க்குள் பாதிப் பீசாங் கோரேங், மீதிப் பாதி வெளியே.

"இது வேற, தப்பா வந்திருச்சு," என்றார் தங்கராஜு.

அடுத்த வீடியோவிலும் அவர்தான். வேறு சட்டை, வேறு கிண்ணம். அதற்கடுத்ததிலும் அவர்தான். ஒன்றில் கிண்ணத்தை நக்கினார். அதற்குப் பிறகு சத்தமும் தெளிவாக வந்தது. "ஏறட்டும். டாக்டர் அவளைத்தான திட்டுவாரு!"

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நிறுத்துடா," என்றார். ரிமோட் ஜெயமணியிடம் இருந்தது. அவன் மங்களத்தைப் பார்த்தான்.

மங்களம் மெதுவாகத்தான் பேசினாள். "அரிசிய மாத்தினேன். மாவ மாத்தினேன். என் கைப்பக்குவத்துலதான் ஏதோ விஷம் இருக்குன்னு நெனச்சு, அடுப்பங்கரையில நின்னு அழுதிருக்கேங்க. உங்க விரலை எடுக்கணும்னு டாக்டரு சொன்னப்ப என் உசிரு போயிருச்சு. நீங்க எம்மேல பழியப் போட்டுட்டு, அதே கையோட போயி செண்டோல் திங்குறீங்க!"

தங்கராஜுவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சில் எதுவோ இறங்கியது. வெட்கம்தான், அவருக்குப் பழக்கமில்லாததால் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தப்புத்தான் மங்களம்," என்றார். "இனிமே அந்தக் கடைப் பக்கம் காரே போகாது. மன்னிச்சிரு."

சொன்ன பிறகு, சொல்லலாம் போலத்தான் இருக்கிறது என்று பட்டது. அந்த வேகத்திலேயே தேவனிடம் போய், அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தேவா, ஒரு வீடியோவுல கூட நீ இல்ல. நல்ல மனுஷன் மேல வீணாப் பழி போட்டுட்டேன். நீ அந்தக் கோட்டப் போட்டிருக்க மாட்டே. சொன்ன சொல் மாறாம எல்லார் முன்னாடியும் கேக்குறேன், என்னை மன்னிச்சிரு."

தேவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. மங்களம் அவசரமாக, தேத்தண்ணி போட்டு வருகிறேன் என்று அடுப்பங்கரைக்கு நடந்தாள்.

இந்திராதேவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணே, கோடு போட்டது இவருதான்! மாட்டேன் மாட்டேன்னாரு, உங்க வீட்டு அக்காதான் கையில ஆணியத் திணிச்சு, 'நல்லா அழுத்திப் போடு தம்பி, அப்பத்தான் இந்த மனுஷன் கேமரா மாட்டுவாரு'ன்னாங்க!"