காற்று வராத ஜாலி

மண்ணூர்,
14.10.1991

மஸ்கட் வெயிலோடு மல்லுக்கட்டும் அன்பு மச்சான் பகலவனுக்கு, மாமா யாக்கோபு எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கும் உன் அக்கா எழிலரசிக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே.

நீ சொல்லி அனுப்பிய உன் கம்பெனியின் அரபு அதிகாரி நேற்று நம் சிமென்ட் ஜாலிப் பட்டறைக்கு வந்தார். அவர் வருகிறார் என்றதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டுச் சுவரில் காற்றுக்குப் பதிக்க ஜாலி கேட்டு வந்த தண்டலம் அப்பாவுவை, "இனிமே எக்ஸ்போர்ட் மட்டும்தாம்பா" என்று திருப்பி அனுப்பினேன், அரபு நாட்டாருக்குப் பிடிக்குமே என்று ஒட்டகம் போட்ட ஜாலி ஒன்றும் வார்த்து வைத்தேன், அவரோ அதை உற்றுப் பார்த்துவிட்டு, பட்டாளத்தில் இந்தி கற்ற நம் கோபாலிடம், "இது எருமையா?" என்று கேட்டார். நான் விடுவேனா? "காத்து சும்மா பிச்சிக்கினு வரும்னு சொல்லு கோபாலு!" என்றேன். அவன் கையை வீசிச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. "அவுங்க ஊர்ல காத்தோட மண்ணும் வருமாம்ணே. வூடு ரொம்பிடுமாம்" என்றான் கோபால். உன் அக்கா உள்ளே அழைத்து டீ கொடுத்தாள். நம் ஜாலி வழியாகத் தரையில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டர் எதுவும் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்.

அச்சில் ஜாலி வார்க்கும் மீனம்மாள் என்னிடம் வந்து, "அப்ப நாங்க வேலைக்கு வர்றதா, வேணாவா?" என்றாள். ஒட்டக ஜாலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், மச்சான். எனக்குப் புழுங்கினால் உலகத்துக்கே புழுங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவர் வீட்டுச் சுவருக்குக் கல் விற்கப் போகிறவன், அந்த வீட்டில் இருப்பவருக்கு எது சுகம், எது தொல்லை என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஆகவே வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஒரு கும்பிடு. இனி பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கல் அனுப்ப மாட்டேன். அப்பாவு வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். உன் கம்பெனியில் உனக்குத் தலைகுனிவு வந்திருந்தால் பொறுத்துக்கொள். வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே. கர்த்தர் உனக்கு நிழலாக இருப்பாராக.

உன் மாமா,
யாக்கோபு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அதிகாரியே டாக்சியில் திரும்பி வந்துவிட்டார். வெளிச்சம் வேண்டுமாம், மண் வேண்டாமாம். ஜாலிக்குப் பின்னால் கண்ணாடி செருக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், விட்டுத் தர முடியுமா என்கிறார். "காத்தே வராத ஜாலியா? அத்த எவன் வாங்குவான்?" என்றேன். "எதிர்ல நிக்கிறாரே, அவருதான். நீ கம்முனு இரு" என்றாள் உன் அக்கா. மீனம்மாள் அச்சுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அங்கே வீடுகளில் ஜன்னல் எந்தப் பக்கம், ஜன்னலோரம் யார் உட்காருவார்கள், எல்லாம் விசாரித்து உடனே எழுது.