வலது பக்கத்து அரை அங்குலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி மூவரும் சுகம். நீங்களும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, தலை சுற்றாமல், மேலதிகாரியிடம் திட்டு வாங்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அப்பாவின் அலைப்பலகையும் சுகம் என்று இதே வரியில் எழுதிவிட ஆசைதான். அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் என் மகள் பிடுங்கி முடிவை முதலில் சொல்லிவிடுகிறாள். கடிதம் என்றால் யாரும் குறுக்கே வர முடியாது.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. "சாப்பிட்டீங்களா சார்", "வரேன் சார்" என்பதோடு சரி. மாமா என்று கூப்பிடலாமே என்று உங்கள் மாமியார் இரண்டு முறை ஜாடையாகச் சொல்லியும் உங்களுக்கு நாக்கு வளையவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நீங்கள் கப்பலேறுவதற்கு முதல் நாள், கல்யாணத்துக்கு முன்பே காலமான உங்கள் அப்பா அலை மேல் நின்று சறுக்கத் தம் கையால் செய்த மரப்பலகையை என்னிடம் கொடுத்து, பின்பக்கம் விரிசல் விட்டதால் இனி இது கடலுக்கு ஆகாது, இதே அளவில் இந்தக் காலத்து, தெர்மோகோல் மாதிரியான நுரைக்கட்டையில் லேசாக ஒன்று செய்து வாங்கி வையுங்கள் சார் என்று கேட்டபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் திரும்பி வரும்போது அது அச்சு அசலாக நிற்க வேண்டும், அதைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுங்கப்பா. நீங்க கை வைக்காதீங்க" என்று என் மகள் வாசலில் வைத்தே சொன்னாள். நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

பலகை செய்கிறவரை எல்லோரும் நுரைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலை, புருவம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். தும்மினால்தான் வயது தெரிகிறது. கடை என்பது நீளமான ஒரே அறை. இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் குழல்விளக்கு, மேலே ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் பலகையின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியுமாம். நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டேன், மனதுக்குள். நான் யார் என்று அவருக்கும் தெரியட்டுமே என்று என் தொழில் கொள்கையை எடுத்துச் சொன்னேன்: கதவு மூடவில்லை என்றால் கதவைச் சீவுகிறவன் அரைகுறை; எது தடுக்கிறதோ அதைத்தான் சீவ வேண்டும். அவர் தலையாட்டினார், தூள் கொட்டியது. பிறகு உங்கள் அப்பா பலகையை ஒரு தகட்டின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதை வெட்டி, நுரைக்கட்டையின் மேல் வைத்து மறுபடி கோடு போட்டு அறுத்தார். நானும் ஒரு தடவை அளந்து பார்க்கலாம் என்று பென்சிலைத் தேடினேன். மேசையடி, சட்டைப்பை, பை என்று பத்து நிமிஷம் தேடினேன். அவர் என் காதைக் காட்டினார்.

அளந்தால், மாப்பிள்ளை, நுரைக்கட்டையின் நடுவில் ஓடுகிற மரச்சட்டத்திலிருந்து இடது பக்கம் பதினொரு அங்குலம், வலது பக்கம் பத்தரை. அரை அங்குலம் கோணல். இதைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? நுரைக்காரர் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தற்செயலாக என் பையில் இழைப்புளி இருந்தது. அந்த நுரை என்னமாய் வழுக்கிக்கொண்டு போகிறது தெரியுமா, என் ஆயுளில் எந்த மரமும் எனக்கு அப்படி அடங்கியதில்லை. இடது பக்கத்தைச் சீவி இரண்டையும் பத்தரை ஆக்கிவிட்டு, பாராட்டுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மனிதர் வந்து பார்த்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அளவுகோலை என் கையில் கொடுத்து உங்கள் அப்பாவின் பலகையை அளக்கச் சொன்னார். அதிலும் அதே அரை அங்குலம். "இது தப்பில்லைங்க. இங்க அலை ஒரு பக்கமாத்தான் உடையும். அதுக்குத் தக்கபடி பெரியவர் வேணும்னே வலது பக்கத்தைக் குறைச்சிருக்கார். அந்த அரை அங்குலத்துலதான் அந்த மனுஷன் இருக்கார்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நேரில் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்காத என் சம்பந்தியின் மூளையை அல்லவா சீவித் தள்ளியிருக்கிறேன்!

அன்றைக்கே இரண்டாவது நுரைக்கட்டை வாங்கிக் கொடுத்தேன். கெட்டுப்போன முதல் கட்டை நம் கூடத்தில் குறுக்கே கிடக்கிறது. இதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று உங்கள் மாமியார் கேட்டாள். என் மகள் எதுவும் கேட்காமல் அதன் மேல் துணி மடிக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் ஒன்பது நாள் கடைக்குப் போனேன். நுரைக்காரர் என் கையில் துடைப்பத்தைத் தவிர எதையும் கொடுக்கவில்லை. அவர் சீவச் சீவ நான் கூட்டினேன். ஃபைபர் துணி விரித்துப் பிசின் ஊற்றிய அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது பக்கம் பதினொன்று, வலது பக்கம் பத்தரை, மயிரிழை பிசகவில்லை. கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், வலது பக்கம் திரும்பும்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் என்று நினைத்தேன், இல்லை. இப்போது மூன்று பேர் 'பெரியவர் அளவு' வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தெருவில் நான்கு வீட்டில் ஏறி, என் சம்பந்தி ஒரு மேதை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, ஒரு கட்டை போனாலும் உங்கள் அப்பா அப்படியே வந்துவிட்டார். பலகை கடல் ஈரம் போகக் கடையில் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டு, கரை சேர்ந்து, என் மகளோடு நூறு வயது வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் உங்கள் அம்மா வந்தார்கள். அரை அங்குலத்தின் அருமையை நான் குரல் தழுதழுக்கச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அதுவா? இருபது வருஷத்துக்கு முன்னால பழைய வீட்டுல சாமான் அறைக் கதவு மூடலைன்னு ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். கதவைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டு, கதவுல இடிச்சிக்கிட்டிருந்த இவரோட அலைப்பலகையைச் சீவிட்டுப் போயிட்டார். இவர் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. மூணாம் நாள் கடலுக்குப் போயிட்டு வந்து, நல்லாத்தான் திரும்புதுன்னார்" என்றார்கள். யார் அந்தத் தச்சர் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மாமியார் கேட்டாள். "முகம் ஞாபகமில்லை. தலை நிறைய முடி. காதுல பென்சிலை வெச்சுக்கிட்டு வீடு பூராத் தேடினார்." மூன்று பெண்களும் என் காதைப் பார்த்தார்கள். பென்சில் அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் ஒருவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனது இப்போது ஞாபகம் வருகிறது. நேரில் பார்க்கக் கொடுத்துவைக்காதவர் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். நுரைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆகையால் மாப்பிள்ளை, புதுப் பலகையில் இடது பக்கம் உங்கள் அப்பா, வலது பக்கம் நான். அப்படியே இருக்கட்டுமா, இரண்டு பக்கமும் அவராகவே வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீளமாக எழுதிச் சிரமப்பட வேண்டாம். உங்கள் பதில் கடிதம் 'சார்' என்று ஆரம்பித்தால், நானே புரிந்துகொண்டு மூன்றாவது கட்டையை வாங்கிவிடுகிறேன்.